வாங்குவோர் வேண்டுவதை அறிந்து பயிரிடுதல்

திருகோணமலை மாவட்ட நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு உரியது

பயிரை விளைவித்தல் கமத்தொழிலின் ஒரு பாதியாகும். விளைந்ததை நட்டமின்றி விற்றல் மறு பாதியாகும். முதற் பாதியில் திருகோணமலை மாவட்டக் கமக்காரர் நெடுங்கால அனுபவமுடையோர். கந்தளாய்க் குளத்தின் கீழும், அல்லைத் திட்டத்திலும், தம்பலகாமத்து வயல்களிலும் நெல் விளைகின்றது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி முதலிய பகுதிகளின் மேட்டுநிலங்களில் மரக்கறி விளைகின்றது. ஆயின் மறு பாதியில் அவர்கள் படும் இடர் பெரிது. ஒரு போகத்திற் பூசணிக்காய் நல்ல விலை பெற்றதெனக் கேள்வியுற்று, அடுத்த போகத்தில் ஊரெல்லாம் பூசணி பயிரிடப்படும். காய் முற்றும் வேளையில் விலை வீழும். லொறிக் கூலிக்கும் போதாதென்று காய் கொடியிலேயே விடப்படும். விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடன் மட்டும் எஞ்சும்.

சென்ற போகத்து விலையை மட்டும் பார்த்து வரும் போகத்துப் பயிரைத் தெரிவதே இவ்விடருக்கு முதற் காரணமாகும். வாங்குவோர் எதனை, எக்காலத்தில், எவ்வளவு, எந்நிலையில் வேண்டுவர் என்பதை விதைக்கு முன்னரே விசாரித்தறிதல் அதற்குப் பரிகாரமாகும். முன்னாளில் இத்தகைய விசாரணை பெருவணிகருக்கே இயன்றது. இன்று இணைய வசதியுள்ள கைத்தொலைபேசி ஒன்று வீட்டில் இருப்பின், சிறு கமக்காரரும் இதனைச் செய்யலாம். அதற்குரிய முறையும், அம்முறையின் எல்லைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

1. தகவலின் பெறுமதி

தகவல் இன்மையால் நேரும் நட்டத்துக்குக் கேரளக் கரையில் நிகழ்ந்த ஒன்று தக்க சான்றாகும். 1997ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் வடகரையில் 11 மீனவர் தாம் பிடித்த மீனை வாங்குவாரின்றிக் கொட்ட நேர்ந்தது. அதே காலையில் 15 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த வேறு துறைகளில் 27 வணிகர் மீன் கிடையாது திரும்பும் நிலையில் நின்றனர். ஒருவர் நிலையை மற்றவர் அறியார். அவ்வாண்டு முதல் 2001 வரை அக்கரையோரம் கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியபோது ஏற்பட்ட மாற்றத்தை றொபேட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். வீணாகும் மீன் முற்றாக இல்லாதொழிந்தது என்றும், மீனவர் இலாபம் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு உயர்ந்தது என்றும், வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 பங்கு குறைந்தது என்றும் அவர் கண்டார். இரு திறத்தாரும் நன்மையடைந்தமை கவனிக்கற்பாலது.

நம் நாட்டில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி அனுப்பும் கமக்காரரிடையே லேர்ன்ஏசியா நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. பயிரைத் தெரிவது முதல் விற்பது வரை கமக்காரர் செய்யும் மொத்தச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு 11 பங்கு தகவல் தேடுவதிலேயே கழிகின்றது என்று அவ்வாய்வு கூறிற்று. கடைக்கும் சந்தைக்கும் விதைநிலையத்துக்கும் போய்வரும் பயணமும், அதனால் இழக்கும் வேலைநாளும் இவற்றுள் அடங்கும். ஆகவே தகவலும் உரத்தையும் விதையையும் போன்று விலையுடைய ஓர் உள்ளீடேயாகும்.

2. வாங்குவோரை வகுத்தறிதல்

"சந்தை" என்று பொதுவாகச் சொல்லும்போது வாங்குவோர் யாவரும் ஒருவரே போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. இம்மாவட்டத்தின் வாங்குவோரைக் குறைந்தது நான்கு வகையினராகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

(அ) நகரத்துக் குடும்பங்கள். இவர்கள் சிறிதளவாக அடிக்கடி வாங்குவர். கந்தசட்டி, நவராத்திரி போன்ற விரத காலங்களில் மரக்கறியின் தேவை கூடும். நோன்பு மாதத்தில் வெள்ளரிக்கும் வத்தகப்பழத்துக்கும் கேள்வி மிகும்.

(ஆ) நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை விடுதிகள். கீழ்க்கரையில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்பிரல், மே முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில் இங்கு விருந்தினர் மிகுவர். இது சிறுபோக காலத்துடன் பொருந்துவது கமக்காரருக்கு நல்வாய்ப்பாகும்.

(இ) அரிசி ஆலையாளரும் நெல் வணிகரும். இவர்கள் இனத்தையும் ஈரப்பதனையும் நோக்கி வாங்குவர்.

(ஈ) வெளிமாவட்ட வணிகர். நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ள தம்புள்ளை இவர்களின் மையமாகும். அதிக அளவை ஒரே தரமாகக் கேட்பர்.

துறைமுக நகரில் வாங்குவோர் காலத்துக்குக் காலம் மாறுவர் என்பதையும் மறத்தலாகாது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. அது கையளிக்கப்பட்ட பின் அப்படையினர் வாங்குவோராக இல்லாதொழிந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின், படகுத்துறையிற் காத்திராது கிண்ணியா மரக்கறி நகரை அடைகின்றது. ஆகவே ஒரு முறை விசாரித்தறிந்தது என்றும் நிலைத்து நிற்குமென எண்ணாது, போகந்தோறும் புதிதாக விசாரித்தல் வேண்டும்.

3. இணையத்திற் கையாளத்தக்க வழிகள்

(அ) விலைப் பட்டியல்கள். 1972இல் தாபிக்கப்பட்ட ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் முக்கிய சந்தைகளின் உணவுப்பொருள் விலைகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகின்றது. இன்றைய விலையை மட்டும் பார்த்தல் போதாது. ஒரே பயிரின் விலையைக் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மாத வாரியாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எந்த மாதத்தில் விலை வழக்கமாக உயர்கின்றது, எந்த மாதத்தில் வீழ்கின்றது என்பது அப்பொழுது புலனாகும். ஓர் ஆண்டில் மட்டும் உயர்ந்த விலை வெள்ளத்தாலோ வரட்சியாலோ ஏற்பட்டதாயிருக்கலாம். அதனை நம்பிப் பயிரிடலாகாது.

(ஆ) தேடற் போக்கு. மக்கள் கூகுளில் எந்தச் சொற்களை எக்காலத்தில் மிகுதியாகத் தேடுகின்றனர் என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸ் என்னும் இலவசச் சேவை கோட்டுப் படமாகக் காட்டும். நாட்டை "இலங்கை" எனத் தெரிந்து, காலத்தை ஐந்து ஆண்டுகளாக அமைத்து, "நிலாவெளி" என்னும் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே இட்டு நோக்கலாம். வெளிநாட்டு விருந்தினரின் நாட்டத்தை அறிய, நாட்டை மாற்றியும் பார்க்கலாம். பயணத்துக்கு முன்னரே மக்கள் தேடத் தொடங்குவராதலால், விருந்தினர் வருகையை இது முன்கூட்டியே உணர்த்தக்கூடும். ஆயினும் படத்திற் காணும் 100 என்னும் எண் நூறு பேரைக் குறிப்பதன்று. தெரிந்தெடுத்த காலத்துள் தேடல் மிக்கிருந்த நிலையே 100 எனக் கொள்ளப்படும். ஏனையவை அதனோடு ஒப்பிடப்படும். தேடுவோர் மிகச் சிலராயின் 0 எனக் காட்டும். ஒரு சிற்றூரின் மரக்கறித் தேவையை இதனால் அளவிட இயலாது.

(இ) விடுதிகளின் உணவுப் பட்டியலும் விருந்தினர் கருத்தும். பல விடுதிகள் தம் உணவுப் பட்டியலை இணையத்தில் இட்டுள்ளன. கூகுள் வரைபடத்தில் விருந்தினர் எழுதிய கருத்துக்களையும் அங்குள்ள படங்களையும் காணலாம். பத்து விடுதிகளின் பட்டியலை வாசித்து, எந்த மரக்கறி எத்தனை விடுதிகளில் வருகின்றது என எண்ணிக் குறித்துக்கொள்ளுதல் நன்று. வெள்ளரி, தக்காளி, பச்சை மிளகாய், கத்தரி என்பன இம்மாவட்டத்தில் விளையக்கூடியவை. லீக்ஸ், கரட் போன்றவை மலைநாட்டுக்குரியன. அவற்றின் தேவை எவ்வளவாயினும் அதனை விட்டுவிடுக.

(ஈ) பேரங்காடிகளின் இணையக் கடைகளும் விளம்பரத் தளங்களும். பேரங்காடிகள் எந்த மரக்கறியை எந்த நிறையிற் பொதிசெய்து, என்ன பெயரிட்டு விற்கின்றன என்பதை நோக்குக. கழுவித் துப்புரவாக்கிச் சிறு பொதியிலிட்டதற்கும் மூடையாக விற்பதற்கும் உள்ள விலை வேறுபாடு, வாங்குவோர் எதற்குப் பணம் கொடுக்கின்றனர் என்பதைக் காட்டும். இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் விற்போர் கேட்கும் விலை மட்டுமே காணப்படும். விற்ற விலை காணப்படாது.

(உ) வாட்ஸ்அப், முகநூல் என்பன. வாங்குவோருடன் நேரே உரையாட இவை துணைபுரியும். விளைச்சலின் படத்தையும் கிடைக்கும் நாளையும் அளவையும் அனுப்பி, எவ்வளவு வேண்டுமெனக் கேட்கலாம். "நன்று" எனக் குறியிட்டோரை எண்ணாது, "புதன்கிழமை எனக்கு ஐந்து கிலோ தேவை" என்று எழுதியோரையே எண்ணுதல் வேண்டும்.

4. கேள்வி கேட்கும் முறை

விசாரணையின் பயன் கேள்வியின் தன்மையைப் பொறுத்தது. "நஞ்சு தெளியாத மரக்கறி தந்தால் வாங்குவீர்களா?" எனக் கேட்டால் யாவரும் "ஆம்" என்பர். அவ்விடை மரியாதையால் வருவது. அதனை நம்பி ஓர் ஏக்கர் நடலாகாது. நடந்ததைக் கேட்பதே பயன் தரும். பின்வரும் கேள்விகள் பொருத்தமானவை:

சென்ற வாரம் எந்த மரக்கறியை எவ்வளவு வாங்கினீர்கள்?
எவ்விடத்தில், என்ன விலைக்கு வாங்கினீர்கள்?
வாங்க விரும்பியும் கிடையாதுபோனது எது?
வாங்கியதில் எதனை எறிய நேர்ந்தது? ஏன்?
எந்த நாளில், எந்த நேரத்தில் கொண்டுவந்து தரின் வசதியாகும்?

மூன்றாம், நான்காம் கேள்விகளே மிக முக்கியமானவை. கிடையாத பொருள் புதிய பயிருக்கு வழி காட்டும். எறிந்த பொருள் தரத்திலுள்ள குறையைக் காட்டும். முற்றிய வெண்டியையும் நசிந்த தக்காளியையும் எறிகின்ற விடுதிக்கு வேண்டியது மலிந்த மரக்கறியன்று. இளங்காயும் நல்ல பெட்டியுமாகும்.

இக்கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம். கூகுள் படிவமாக அமைத்தும் அனுப்பலாம். ஐந்துக்கு மேற்பட்ட கேள்விகள் வேண்டா. இணையம் பாவியாத முதியோரும், கருத்தெழுத நேரமில்லாத இல்லத்தரசியரும் பலர் உளர். ஆதலால் அதே ஐந்து கேள்விகளைச் சந்தைக்குச் செல்லும் நாளில் நேரிலும் இருபது பேரிடம் கேட்டு, இரு விடைகளையும் ஒப்பிடுதல் வேண்டும். இரண்டும் மாறுபடுமாயின் நேரிற் கேட்டதற்கே மதிப்பளிக்க.

5. நெற்செய்கையாளர் கவனிக்க வேண்டியவை

நெல்லை விளைவிப்போர் பெரும்பாலும் உண்போரைக் காண்பதில்லை. இடையில் ஆலையாளர் உளர். எனினும் உண்போரின் விருப்பமே ஆலையாளர் கொடுக்கும் விலையாக வருகின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தபோது, நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் குறிக்கப்பட்டன. ஒரே வயலில் இடும் இனத்தைப் பொறுத்துக் கிலோவுக்கு 12 ரூபா வரை அப்போது வேறுபட்டது.

ஆயினும் விலையை மட்டும் நோக்கி இனத்தை மாற்றலாகாது. ஓர் ஏக்கரில் நாட்டு நெல் 2,000 கிலோ விளையுமெனக் கொள்வோம். 120 ரூபா விலைக்கு வருவாய் 2,40,000 ரூபாவாகும். அதே தொகையைக் கீரிச் சம்பாவில் 132 ரூபா விலைக்குப் பெற 1,818 கிலோ வேண்டும். கீரிச் சம்பாவின் விளைவு 182 கிலோவுக்கு மேற் குறையுமாயின், உயர்ந்த விலையால் இலாபமில்லை. இக்கணக்கைத் தத்தம் வயலின் விளைவைக் கொண்டும், அவ்வப்போதுள்ள விலையைக் கொண்டும் ஒவ்வொருவரும் செய்து பார்த்தல் வேண்டும்.

இதற்குமுன், அண்மையிலுள்ள மூன்று ஆலைகளுக்கேனும் தொலைபேசியிற் பேசி, எந்த இனத்தை, எந்த ஈரப்பதனில், எவ்வளவு வாங்குவர் எனக் கேட்டு எழுதிக்கொள்ளுக. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனையே தரமாகக் கொள்கின்றது. சுவந்தல், மொட்டைக்கறுப்பன் போன்ற பாரம்பரிய இனங்களுக்கு இணையத்தில் உயர்ந்த விலை காணப்படும். அவ்விலை குற்றிப் பொதிசெய்த அரிசிக்குரியது, நெல்லுக்குரியதன்று. வாங்குவார் ஒருவரை முன்கூட்டியே உறுதிசெய்யாது அவற்றைப் பரந்த அளவில் விதைத்தலாகாது.

6. தேவை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

வாங்குவோர் வேண்டுங் காலம் தெரிந்த பின், அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, யூலை முதலாம் நாள் விடுதிகளுக்கு மரக்கறி தேவையெனக் கொள்வோம். வெண்டி விதைத்து ஏறக்குறைய 50 நாளில் முதற் காய் கொய்யலாம். ஆகவே மே மாதம் 12ஆம் நாளளவில் விதைத்தல் வேண்டும். கத்தரிக்கு நாற்றுமேடையில் 28 நாளும், நட்டபின் 65 நாளும் எனக் கொள்ளின், மார்ச் மாத இறுதியிலேயே நாற்றுமேடை இடல் வேண்டும். விடுதிக்காரர் மே மாதத்திற் கேட்ட பின் கத்தரி விதைப்பவர், விருந்தினர் குறையத் தொடங்கும் ஓகஸ்ட் இறுதியிலேயே காயைக் காண்பர்.

தேவை இருந்தும் பருவம் இடங்கொடாத நிலையும் உண்டு. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னோக்கி வருகின்றது. 2026இல் அது பெப்ரவரி மாதத்தின் பிற்பகுதியில் வந்தது. 2028இல் சனவரி இறுதியளவில் வரும். வத்தகை விளைய 75 முதல் 85 நாள் வரை செல்லுமாதலால், நவம்பர் மாதத்தில், வாடைப் பருவ மழையின் நடுவில் விதைக்க நேரும். நீர் தேங்கும் நிலத்தில் அப்பயிர் அழுகும். கேள்வி எவ்வளவு மிக்கதாயினும், நீர் நன்றாக வடியும் மணற்பாங்கான மேட்டுநிலம் இல்லாதவர் அதனை மேற்கொள்ளாதிருத்தலே இலாபமாகும். வாங்குவோர் விருப்பம் ஒன்று. நிலமும் நீரும் இடங்கொடுப்பது மற்றொன்று. இரண்டும் கூடுமிடத்திலேயே விதைக்க வேண்டும். சிறுபோகத்தில் குளத்து நீர் எந்நாள் வரை கிடைக்கும் என்பதைப் போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலேயே கேட்டறிக.

7. அளவைக் கணக்கிடுதல்

பலரும் தவறுவது இவ்விடத்திலேயாகும். பத்து விடுதிகள் வாரத்துக்கு இருமுறை ஐந்து கிலோ வீதம் வெண்டிக்காய் வேண்டுமெனக் கூறின், வாரத் தேவை 100 கிலோவாகும். நன்கு பராமரித்த கால் ஏக்கர் வெண்டி, காய்க்கும் காலத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிலோ தரும். எனவே அப்பத்து விடுதிகளின் தேவைக்கு ஒருவரின் கால் ஏக்கர் போதும். இச்செய்தியை அறிந்த நாற்பது பேர் கால் ஏக்கர் வீதம் நடுவாராயின், வாரத்துக்கு 4,000 கிலோ வந்து குவியும். 3,900 கிலோவுக்கு வாங்குவாரில்லை.

இணையத்திலுள்ள செய்தி யாவருக்கும் பொதுவானது. ஒருவர் கண்டதை ஊரிலுள்ள அனைவரும் காண்பர். ஆகவே தேவையை அறிவதோடு, அத்தேவைக்காக ஏனையோர் எவ்வளவு நடுகின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். இதற்குத் தனியாகச் செயலாற்றுவதினும் கமக்காரர் அமைப்பின் மூலம் செயலாற்றுதல் சிறந்தது. அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தாம் நடவிருக்கும் பயிரையும் பரப்பையும் நாளையும் எழுதிவைப்பின், நாற்பது பேரும் ஒரே பயிரை ஒரே வாரத்தில் நடும் நிலை தவிரும். சிலர் வெண்டியும், சிலர் பயற்றங்காயும், சிலர் பாகலும் வெள்ளரியும் நட்டு, இரு வார இடைவெளியில் அடுத்தடுத்து விதைப்பின், ஒரு விடுதிக்கு வேண்டிய பலவகை மரக்கறியையும் பருவம் முழுவதும் ஒரே வண்டியிற் கொடுக்கவும் இயலும். வாங்குவோரும் அதனையே விரும்புவர்.

8. எச்சரிக்கைகள்

தேடுதல் வேறு, வாங்குதல் வேறு. ஒரு காயின் சமையல் முறையை ஆயிரம் பேர் காணொளியிற் பார்த்தமை, அவர்கள் அக்காயை வாங்குவர் என்பதற்குச் சான்றாகாது.

முதற் போகத்திற் புதிய பயிரைக் கால் ஏக்கருக்கு மேல் நடலாகாது. அந்தக் கால் ஏக்கரே மிகச் சிறந்த விசாரணையாகும். பணம் கொடுத்து மீண்டும் வாங்க வருவோரே உண்மையான விடை தருவோர்.

அறிமுகமில்லாத ஒருவர் இணையத்திற் பெருந்தொகைக் கொள்வனவு பேசி, முற்பணம் அனுப்புவதற்கென வங்கி அட்டை இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கேட்பாராயின் கொடுத்தலாகாது. பணம் பெறுவதற்கு வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் போதும்.

வாங்குவோர் கூறிய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர் அனுமதியின்றிப் பிறருக்குப் பரப்புதல் முறையன்று.

"நஞ்சற்றது" என விளம்பரஞ் செய்வோர் அதனை நிலைநாட்டவும் வேண்டும். கிருமிநாசினி தெளித்த நாளையும் அறுவடை நாளையும் எழுதிவைத்தல் அதற்கு முதற்படியாகும். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றைப் பெறுதல் அடுத்த படியாகும்.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

விதைப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விசாரணையைத் தொடங்குக.
மூன்றாண்டு விலையை மாத வாரியாக எழுதிப் பார்க்க.
பத்து வாங்குவோரை இணையத்திலும், இருபது பேரை நேரிலும் கேட்க.
தேவை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்க.
ஏனையோர் நடும் பரப்பை அறிந்தபின் தம் பரப்பைத் தீர்மானிக்க.
போக முடிவில் எதிர்பார்த்த விலையையும் பெற்ற விலையையும் அருகருகே எழுதுக. அவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி அடுத்த போகத்துக்கு வழிகாட்டும்.

கைத்தொலைபேசியை இயக்க அறியாத கமக்காரர், வீட்டிலுள்ள பிள்ளைகளின் துணையுடன் இவற்றைச் செய்யலாம். பிள்ளைகள் தேடித் தருவர். நிலத்தின் இயல்பையும் நீரின் அளவையும் பெற்றோர் அறிவர். இருவரும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதைச் செலவிடின், ஒரு போகத்து உழைப்பு வீணாகாது காக்கப்படலாம். பயிரினம், விதைப்புக் காலம், நோய் முதலியவை பற்றிய மேலதிக விபரங்களைத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, 1920 என்னும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்திலோ கேட்டறியலாம்.